இலை போட்ட பிறகு வந்த போன்

போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாக வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு நம்ம பக்கத்துச் சாப்பாட்டுல எதெதைக் காட்டணும், பத்மாக்கா?" அவசரத்தில் ஏதோ பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது பாதிப் பதில் என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதல் பாதியைச் சுருக்கமாக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். காலையில் என்றால் கேழ்வரகுக் கூழ். கூடவே சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தே ஆக வேண்டும், வெறும் கூழைக் கொடுத்து ஆளை விரட்டாதீர்கள். மதியத்துக்குக் களி, கீரைக் கடைசல், காராமணிக் குழம்பு, மல்லாட்டைத் துவையல். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும்கூடச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்குச் சாமைச் சோறு. சாயங்காலம் முருங்கைக்கீரை அடை. தீபத்துக்கு வருகிறவர்களுக்குப் பொரி உருண்டை. ஆற்காட்டு மக்கன் பேடாவையும் ஆம்பூர் பிரியாணியையும் அவர்களே கேட்டு வருவார்கள், நீங்கள் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் தின்ன வைக்காதீர்கள். இரண்டாம் நாள் அவர்கள் அறையை விட்டு வர மாட்டார்கள்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே படிந்துவிடும். எனக்கு நிறைய நாள் பிடித்த விஷயம் வேறு. நாம் கூட்டிக்கொண்டு போவது ஓட்டலுக்கு மட்டும் இல்லை. பல நாள் ஒருவர் வீட்டுக்குள் போகிறோம். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடி அண்ணாமலையில் செல்வி வீட்டுக்கு உங்களில் சிலர் போயிருப்பீர்கள். கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மொட்டை மாடி வைத்த மெத்தை வீடு. பின்பக்கம் மாட்டுக் கொட்டகையும், ஓலை வேய்ந்த சமையலிடமும். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். நம் விருந்தினர்களுக்கு மதியச் சாப்பாடு போட நான் முதன்முதலில் பேசி ஏற்பாடு செய்த வீடு அது. கைமணம் என்று பார்த்தால் அந்த ஊரிலேயே அவளைவிட நன்றாகச் சமைக்கிறவர்கள் இருந்தார்கள். நான் அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவள் பேச்சு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வாள்.

ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த ஒருவர் களியை உருட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏழைகள் சாப்பாடு, இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டார். செல்வி என்னைப் பார்த்து, "என்னக்கா சொல்றாரு?" என்றாள்.

அப்போது எனக்கும் இந்த வேலை புதிது. 'ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாரு' என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தோம். பிறகு உள்ளதை அப்படியே சொன்னேன். "இது இல்லாதவங்க சாப்பாடான்னு கேக்கறாரு."

"ஆமான்னு சொல்லுங்க" என்றாள் செல்வி. "இருக்கறவங்களும் இப்ப டாக்டர் சொன்னப்பறம் தின்ன ஆரம்பிச்சிருக்காங்கன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, தனக்கும் அதே டாக்டர்தான் என்றார். இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒருவருக்கு வந்த வார்த்தையை நடுவில் நின்று நாம் மடக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அது லேசான நாள். இப்போது சொல்லப் போவது அப்படிப்பட்ட நாள் இல்லை.

அது ஒரு பௌர்ணமி. பௌர்ணமியன்று கிரிவலப் பாதைப் பக்கம் விருந்தினர்களை அழைத்துப் போவதில்லை என்பது அன்றைக்கும் நம் கம்பெனி வழக்கம்தான். ஆனால் புனேயிலிருந்து வந்திருந்த ஒரு அப்பாவும் மகளும் மறுநாள் ரயிலேற வேண்டியவர்கள். குல்கர்ணி சார் ஓய்வுபெற்ற பேராசிரியர், வயதானவர். மகள் மேகனா பேங்கில் வேலை பார்ப்பவர். ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். குல்கர்ணி சாருக்கு அவர் அம்மா சின்ன வயதில் கேழ்வரகு ரொட்டி தட்டிப் போடுவாராம். இந்தப் பக்கம் அதையே களியாகக் கிண்டுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, அதைச் சாப்பிடாமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். நம் முதலாளி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "போலீஸ் ரோட்ட மூடறதுக்கு முன்னாடி வெளிய வந்துடணும், பத்மா. மதியத்துக்கு மேல வண்டிய விட மாட்டாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

வேனை ஓட்டியவர் முனுசாமி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதையோரத்தில் இரும்புத் தடுப்புகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்னதானக்காரர்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி வீட்டில் குழம்பும் கீரையும் துவையலும் தயாராக இருந்தன. களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. முன் அறையில் பாய் விரித்து இலை போட்டேன். குல்கர்ணி சார் கீழே உட்கார முடியாது என்று கட்டிலில் உட்கார்ந்து, ஒரு ஸ்டூலை எதிரில் வைத்து அதன்மேல் இலையைப் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

இலையைப் பார்த்ததும் அவர் சட்டைப் பையில் வைத்திருந்த இன்சுலின் ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டார். "இனி சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும்" என்று மேகனா என்னிடம் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போனேன்.

செல்வி அரிசி நொய் வெந்த உலையில் மாவைக் கொட்டி, நடுவில் கோலை ஊன்றி, வேக விட்டிருந்தாள். இனி கிண்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஜன்னலில் இருந்த அவளுடைய போன் அடித்தது.

"அக்கா, அதக் கொஞ்சம் எடுங்களேன். கையெல்லாம் மாவு."

எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளம் குரல் உடைந்து கொட்டியது. "அத்தை, காலையிலேர்ந்து அடிச்சுனே இருக்கறேன், லைனே கெடைக்கல. அப்பா போயிட்டாரு அத்தை. விடியக்காலையில நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். நீ ஒடனே கெளம்பி வா."

செல்விக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். அவளுக்கு அப்பா இல்லாமல் போன பிறகு கல்யாணம் செய்து வைத்தவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, நான் அத்தை இல்ல. இதோ சொல்லிடறேன்" என்று போனை வைத்தேன்.

"யாருக்கா?" என்றாள் செல்வி. அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? முன் அறையில் இலை போட்டாயிற்று. ஊசி போட்ட மனுஷர் பசியோடு காத்திருக்கிறார். களி கிண்டிப் பரிமாறச் சிறிது நேரம், சாப்பிட்டு முடிக்க ஒரு அரை மணி. அதன் பிறகு சொன்னால் என்ன? போனை அணைத்து வைத்துவிட்டால் போதும். அவளுக்குத் தெரியப் போவதில்லை. யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. இந்த யோசனை எல்லாம் எனக்கும் வந்தது. வராமல் இருக்காது.

ஆனால் அவளுடைய அண்ணன் சாவைத் தெரிந்துகொண்டே, அவள் கையால் இன்னொருவருக்குக் களி போட வைத்து, நான் பக்கத்தில் நின்று "இதுக்குப் பேரு காராமணி" என்று விளக்கிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அது முடியாது. அந்தச் சேதி அவளுடையது. தவறி என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

"செல்வி, கையக் கழுவிட்டு இப்படி வா" என்றேன். நெருப்புப் பக்கத்தில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"ஏங்கா?"

"வாம்மா."

தொட்டிப் பக்கம் வந்தாள். "உங்க அண்ணன் பையன் பேசினான். அண்ணன் போயிட்டாரும்மா. விடியக்காலையில."

அவள் அழவில்லை. தண்ணீர் மொண்டு கையில் ஊற்றினாள். மாவெல்லாம் போன பிறகும் இன்னொரு சொம்பு, இன்னொரு சொம்பு என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எலை போட்டாச்சாக்கா?" என்றாள்.

"போட்டாச்சு."

"அப்ப போட்டுட்டுத்தான் போவேன். வந்தவங்கள எலையில உக்கார வெச்சுட்டு எழுப்பக் கூடாது."

விறுவிறுவென்று அடுப்புக்குப் போய்க் கோலைப் பிடித்தாள். கோல் பானை விளிம்பில் தடதடவென்று அடித்துக்கொண்டது. நான் கோலை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"சாப்பாடு நான் போட்டுக்கறேன். ஒனக்குப் பதிலா உங்க அண்ணன் மூஞ்சிய நான் போய்ப் பாக்க முடியாது. மூணு மணிக்கு எடுக்கறாங்களாம். இப்ப கெளம்பலன்னா ரோட்ட மூடிடுவாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "எதுலக்கா போறது? இன்னிக்கு ஒரு ஆட்டோ கெடைக்காதே."

உண்மைதான். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் பாதையோரக் கடைகளில் இருந்தார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவில் சும்மா நின்ற ஒரே வண்டி நம் வேன்.

முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். "ஐயோ, பாவமே" என்றார் முதலில். பிறகு, "கெஸ்டுக்குன்னு குடுத்த வண்டி பத்மா அது. அவரு வேற வயசானவரு. சாப்பிட்டு முடிக்கட்டும், எல்லாரும் ஒண்ணாக் கெளம்புங்க. அந்தம்மாவையும் ஏத்திக்கினு போயி விட்டுடலாம்" என்றார். தப்பான யோசனை இல்லை. ஆனால் தடுப்புகளை நான் பார்த்திருந்தேன், அவர் பார்க்கவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, அந்தப் பெரியவரை வேனில் ஏற்றுவதற்குள் பாதை மூடிவிடும். அப்புறம் யாருமே போக முடியாது.

"சார், நான் இப்பவே அனுப்பறேன். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

முனுசாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேனுக்குள் இருந்த குல்கர்ணி சாரின் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றார். நான் மறந்திருந்தேன். செல்வி புடவைகூட மாற்றவில்லை. வீட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டு ஏறினாள். வேன் தெருவைத் தாண்டிய பிறகுதான் முன் அறைக்குப் போனேன்.

விருந்தினர்களிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாமே என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரி என்று சொன்னால், மறுக்க முடியாமல் சொன்னதாக இருக்கும். முடியாது என்று சொன்னால், அதை அவர்கள் ஊர் வரைக்கும் சுமந்துகொண்டு போக வேண்டும். முடிவு என்னுடையதாக இருந்தால் அதற்கான திட்டும் எனக்கே வரட்டும் என்று நினைத்தேன். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போவதில்லை. நீங்களும் ஒத்துப்போக வேண்டாம்.

நடந்ததைச் சொன்னேன். குல்கர்ணி சார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தலை குனிந்தார். மேகனாவுக்குக் கோபம் வந்தது.

"எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம்? அப்பா ஊசி போட்டுக்கொண்டாகிவிட்டது. அவருக்கு ஏதாவது ஆனால் நான் எதில் கூட்டிக்கொண்டு போவேன்?"

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். "குழம்பும் கீரையும் தயார். களி இதோ வந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நானே களி கிண்டியிருக்கிறேன். அதன் பிறகு களியைப் பற்றிப் பேசியதோடு சரி. கோலைப் போட்டு அழுத்தினேன். ஒரு பக்கம் கிண்டினால் மறுபக்கம் மாவு மாவாக நின்றது. பேச்சுவார்த்தையில் நேரம் போனதில் அடியும் பிடித்திருந்தது. வியர்த்துக் கொட்டியது. அதற்குள் முன் அறையிலிருந்து மேகனாவின் குரல் கேட்டது. "பத்மா! சீக்கிரம் வாருங்கள்!"

பெரியவருக்கு நெற்றி முழுக்க வியர்வை. ஸ்டூலைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. ஏதோ சொல்ல முயன்றார், வார்த்தை குழறியது. சர்க்கரை இறங்குகிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் வீட்டில் என் மாமனாருக்கு இப்படி ஆகும். மேகனா மருந்துப் பையைக் கவிழ்த்துக் குளுக்கோஸைத் தேடிக்கொண்டிருந்தார். அது அறையிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

சமையலிடத்துக்கு ஓடினேன். அடுத்தவர் வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று யாருக்குத் தெரியும்? அடுப்புக்கு மேலே பலகையில் ஒரு தூக்குவாளி இருந்தது. திறந்தால் வெல்லம். ஒரு பெரிய உடைசலை எடுத்துக் கல்லால் நசுக்கி, சொம்புத் தண்ணீரில் கரைத்து, முன் அறைக்குக் கொண்டுபோய் அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவர் விழுங்கினார். அது போதும் என்று இருந்தது. விழுங்க முடிகிற வரைக்கும் பயமில்லை.

"இன்னும் கொஞ்சம் சார். இன்னும் ஒரு வாய்."

மேகனா அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மராட்டியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. மெதுவாக நடுக்கம் நின்றது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "களி எங்கே?" என்று கேட்டார்.

கட்டி தட்டின களிதான். உருண்டை பிடித்தபோது பிளந்துகொண்டது. வாயில் வைத்தால் நடுவில் மாவு கடிபட்டிருக்கும். குழம்பும் கீரையும் செல்வி கைப்பட்டவை, அவை தப்பித்தன. பெரியவர் வழித்துச் சாப்பிட்டார். மேகனாவும் சாப்பிட்டார்.

அதற்குள் பாதையை மூடிவிட்டார்கள். பெரியவரைக் கட்டிலில் படுக்க வைத்தோம். வெயில் தாழ்ந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவோடு வீடு திரும்பினார். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் வயல் வழியாக உள்பாதையில் கொண்டுபோய்ச் செங்கம் ரோட்டுத் தடுப்பு வரைக்கும் விட்டார். அங்கிருந்து அறை வரைக்கும் நடை. மலையைச் சுற்றுகிறவர்கள் எதிரில் அலை அலையாக வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். மேகனா எனக்கு முன்னால் அப்பாவோடு நடந்தார்.

பாதி வழியில் முனுசாமி போன் செய்தார். "அப்பவே போய்ச் சேந்துட்டோம்க்கா, இப்பதான் லைன் கெடைச்சுது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. நாங்க போகும்போது பாடை தெருமுனை வரைக்கும் வந்துடுச்சு. வண்டியக் குறுக்கப் போட்டு ஹாரன் அடிச்சேன். ஆளுங்க கத்துனாங்க, அப்புறம் தங்கச்சின்னு தெரிஞ்சதும் எறக்கி வெச்சாங்க. பாத்துடுச்சுக்கா."

நான் போனை வைத்ததும் மேகனா நின்றார். "பார்த்துவிட்டாரா?"

"பார்த்துவிட்டாள்."

"நல்லது" என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

மறுநாள் முதலாளிக்கு மேகனாவிடமிருந்து புகார் வந்தது. கடுமையான புகார். சர்க்கரை நோயாளியை வண்டி இல்லாத இடத்தில் விட்டது, மருந்துப் பையில் என்ன இருக்கிறது என்று வழிகாட்டி முன்கூட்டியே கேட்காதது, எல்லாம் இருந்தது. பொய் ஒரு வார்த்தை இல்லை. தெருவில் நின்று "நல்லது" என்று சொன்ன அதே பெண் எழுதியதுதான். இரண்டும் மனதாரச் சொன்னவை. ஒரு மனுஷியிடமிருந்து நன்றியும் புகாரும் சேர்ந்து வரலாம் என்பதை இந்தத் தொழிலில் பழகிக்கொள்ளுங்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நாளைக்கே மறுபடியும் இப்படி ஆச்சுன்னா என்ன பண்ணுவ பத்மா?" என்றார்.

"வண்டிய அனுப்புவேன் சார்" என்றேன். "ஆனா கெஸ்டு ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி அடுப்புல என்ன இருக்குன்னு நானே போய்ப் பாத்துட்டு வருவேன். சாப்பாடு கைக்கு வந்தப்பறம் போட்டுக்கங்கன்னு சொல்லுவேன். பையில வெல்லமும் வெச்சிருப்பேன்."

அவர், "குளுக்கோஸா வாங்கி எல்லா வண்டியிலயும் வெக்கச் சொல்லு" என்றார். உங்கள் வேன்களில் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலம் ஏன் கிடக்கிறது என்று கேட்டீர்களே, அது இப்படி வந்ததுதான்.

காரியமெல்லாம் முடிந்து செல்வி வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். அவள் கணவரும் லீவு போட்டு வந்திருந்தார். செல்வி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நான் துக்கம் விசாரிக்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கு அவரு சாப்ட்டாராக்கா?"

"சாப்ட்டாரு."

"எதுவும் சொல்லலியே?"

மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னேன். வியர்த்தது, நடுங்கியது, நான் வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"வெல்லமா? எங்க இருந்துக்கா எடுத்தீங்க?"

"அடுப்புக்கு மேல தூக்குல இருந்துச்சே."

"ஐயையோ!" என்று வாயில் கை வைத்தாள். "அது மாட்டுக்கு வாங்கி வெச்சதுக்கா! கன்னு போட்டிருந்துச்சே, அதுக்கு. மண்ணும் தூசியும், கடையில கழிச்சுப் போட்டதக் கம்மி வெலைக்கு வாங்கியாந்தேன். அதயா பேராசிரியருக்குக் குடுத்தீங்க?"

"அதத்தான் குடுத்தேன். குடிச்சுட்டுக் களி எங்கன்னு கேட்டாரு."

செல்வி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவர் என்னவோ ஏதோ என்று வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று நான் கவனிக்கவில்லை. குனிந்தவள் நிமிரவில்லை. தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மாடு மிரண்டு கயிற்றை இழுக்கும்படி, வாய்விட்டு, "அண்ணா, அண்ணா" என்று அழுதாள்.

நான் பக்கத்தில் போகப் பார்த்தேன். அவள் கணவர் குறுக்கே வந்து நிறுத்தினார். "விடுங்கக்கா, அழுவட்டும்" என்றார் மெதுவாக. "எழவு வீட்டுல அத்தினி பேரு அழுதாங்க, இது அழுவவே இல்ல. எனக்கு பயமா இருந்துச்சு."

மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. அழுது ஓய்ந்ததும் அவள் அதே தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"வீடு சும்மாக் கெடக்குதுக்கா" என்றாள். "யாராச்சும் வந்தா கூட்டியாங்க."

அடுத்த நாள் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூட்டிக்கொண்டு போனேன். களி நன்றாக இருந்தது.